நான் சொன்ன பூச்சி

நன்னிலம்
கார்த்திகை 28, ஞாயிறு பகல்

அன்புள்ள தமிழரசனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் ஜெயபாரதியும் குட்டியும் அங்கே தோஹாவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும், அதுதான் முறை, ஆனால் இந்தத் தடவை அந்த வரியை எழுதப் பேனா ஓடமாட்டேன் என்கிறது. அப்பா நல்ல நினைவோடு, காலைக் கஞ்சியில் உப்பில்லை என்று என்னைக் குறை சொல்லிக்கொண்டு கூடத்துக் கட்டிலில் படுத்திருக்கிறார். அதை முதலில் தெரிந்துகொள். மீதியை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ சரிம்மா, நான் பாத்துக்கறேன் என்று முடித்து வைத்துவிடுகிறாய், நீ பார்த்துக்கொண்டதில்தான் இவ்வளவும் வந்தது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். அம்சம் சித்தி மகள் கனிமொழி இதை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உன் வாட்ஸ்அப்பில் போடுவாள். காகிதத்துக்கு நடுவில் புகுந்து நீ பேச முடியாது பார்.

தீபத்துக்கு மறுநாள் சாயங்காலம் போன் செய்து, அப்பாவைப் பூச்சி கடிச்சிடுச்சுடா என்றேனே, அது பூச்சி இல்லை. இப்போது உச்சி வெயில், அதனால் எழுதலாம். பாம்பு. நல்ல பாம்பு. கொல்லையில் நீ மாட்டிவைத்த விளக்கின் வெளிச்சம் எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தில் வைத்துக் கடித்தது. அது இன்னும் கொல்லையில்தான் இருக்கிறது. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்த விளக்கை அணைத்துவிடு, இன்றைக்கே, பொழுது சாய்வதற்குள். சுவிட்ச் இருந்தால் உன்னைக் கேட்டிருக்க மாட்டேன். அதுவே வெயிலில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, அதுவே பொழுது சாய்ந்ததும் எரிந்து, அதுவே விடிந்தால் அணைகிறது, வேறு எதுவும் செய்ய வேண்டுமென்றால் உன் போனில்தான் செய்ய வேண்டும். நேற்று லைட் மாட்டுகிற அன்பரசன் போன் செய்து, திங்கக்கிழமை காலைல வர்றேன்மா, உங்க வீட்டு ஏணி நல்லா இருக்குல்ல என்று கேட்டான். எதற்கு என்றேன். பால்கனிக்கும் கிணற்றடிக்கும் புது விளக்கு, கேமராவை மறைக்கிற முருங்கையை வெட்ட ஆள், அப்புறம் கொல்லை முழுக்க சிமெண்ட், எல்லாம் அண்ணன் சொல்லிட்டாங்க என்றான். எங்கள் கொல்லைக்கு என்ன நடக்கப் போகிறது என்று அன்பரசன் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. அவன் வருவதற்குள் உனக்கு முழுக்கதையும் தெரிய வேண்டும் என்றுதான் உலையைக்கூட வைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

இது எங்கே ஆரம்பித்தது என்று உனக்கு நினைவிருக்கும். புரட்டாசியில் முருங்கை மரம் பூராவும் கம்பளிப்பூச்சி. விளக்கு வைத்த நேரத்தில் நீ போன் செய்தாய், நான் கொல்லையில பூச்சி வந்துடுச்சுடா, கால வைக்க முடியல, படி வரைக்கும் வருது என்றேன்.  உடனே நீ எவ்வளவு பெரிசும்மா என்றாய். விரல் நீளம் இருக்கும், ஒண்ணு ரெண்டு இல்ல, கும்பலா கிடக்கு என்றேன். நான் சொன்னது முருங்கைப் பூச்சியை, உன் மனசில் ஓடியது குட்டி போட்ட பாம்பு. உன்னையும் குற்றம் சொல்ல முடியாது, விளக்கு வைத்த பிறகு பாம்பு என்ற பேச்சு நம் வீட்டில் எடுக்கக் கூடாது, பூச்சி என்றுதான் சொல்ல வேண்டும், அப்படிச் சொல்லித்தானே உன்னை வளர்த்தேன். நீயும் பயந்துபோய் அந்த வாரமே அன்பரசனை அனுப்பி, பால்கனிக் கைப்பிடிக்கு மேலே அந்தப் பெரிய விளக்கையும் கேமராவையும் மாட்ட வைத்தாய். அவன் ஏணியில் நிற்கும்போதுதான் எனக்கு விஷயமே விளங்கியது. விழுந்து விழுந்து சிரித்தேன், தெருவே சிரித்தது, அப்பா உனக்குப் போன் போட்டுக் கம்பளிப்பூச்சிக்கு லைட்டு போட்ட ஒரே ஆளு நீதாண்டா என்றார். நீ கோபித்துக்கொண்டு, இருந்தா இருக்கட்டும், திருட்டு பயமாவது இருக்காது என்றாய். அன்றைக்கு அவ்வளவு சிரித்திருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

உன் அப்பாவுக்கு அந்த விளக்கில் என்ன பெருமை தெரியுமா. வருகிறவர் போகிறவரையெல்லாம் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். ஆணியில் டார்ச்சை மாட்டியவர்தான், அப்புறம் எடுக்கவே இல்லை, பிள்ளை சூரியனையே கட்டி வச்சிருக்கான், எனக்கு டார்ச் எதுக்கு என்றார். எனக்கு முதல் நாளிலிருந்தே அது பிடிக்கவில்லை, கண் கூசுகிறது என்று சொன்னால் கூசட்டும் என்றார். ஐப்பசி மழை பிடித்ததும் பார்க்க வேண்டுமே. ஈசலும் தத்துப்பூச்சியும் வண்டும் எங்கிருந்து வந்ததோ, விளக்கைச் சுற்றிச் சுற்றி மொய்த்து, விடிந்தால் படியில் முறத்தால் அள்ளுகிற அளவுக்குச் செத்துக் கிடந்தன. அதைத் தின்னத் தேரைகள் வந்தன. முன்பெல்லாம் கிணற்றடியில் ஒன்று, தொட்டிக்குப் பின்னால் ஒன்று என்று அது அது தன் பாட்டில் இருக்கும், இப்போது எல்லாம் விளக்குக்குக் கீழே பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாக உட்கார்ந்து வயிறு பெருத்துப் போயின. மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குடியிருந்த கூகை ஜோடியை நீ சாக்குருவி என்று திட்டுவாயே, விளக்கு வந்த கொஞ்ச நாளில் அவை போய்விட்டன. அது போனதும் எலிக்குக் கொண்டாட்டம், விதைநெல் மூட்டையில் ஓட்டை, குதிரின் அடியில் ஓட்டை. நொச்சி வேலியில் மழைக்காலத்தில் மின்மினி வருமே, போன வருஷம் குட்டி பால்கனியில் நின்று எண்ணிப் பார்த்து எண்ண முடியாமல் அழுததே, இந்த வருஷம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தேரையும் எலியும் ஒரே இடத்தில் இப்படிக் கூடினால் அதைத் தேடி எது வரும் என்று யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டுமா. நான் யோசித்தேன், பயந்தேன், ஏணியைப் போட்டு ஏறி அந்த விளக்கின் முகத்தில் ஒரு சிமெண்ட் சாக்கைக் கட்டினேன். சாக்கைக் கட்டி இறங்குவதற்குள் கேமராவில் பார்த்துவிட்டு உன் போன் வந்துவிட்டது, இந்த வயசுல ஏணி ஏறுறியா, விழுந்து தொலைச்சா யாரு பாக்குறது என்று கத்தினாய். நான் ஏன் கட்டினேன் என்று நீ கேட்கவில்லை. அப்பா மறுநாளே சாக்கை அவிழ்த்துவிட்டார், பிள்ளை ஆசையா போட்டது, அதுக்கு முக்காடு போடுறியே என்றார். அப்புறம் பூச்சி பறந்தால்கூட கேமரா உன் போனில் மணி அடிக்கிறது, ஆபீசில் தொல்லையாக இருக்கிறது என்று நீ அந்த மணியையும் அணைத்துவிட்டாய்.

தீபத்தன்று அகல் ஏற்றி வாசலிலும் மாடியிலும் வைத்தோம். கொல்லைப்பக்கம் வைத்த அகல் எரிகிறதா அணைந்ததா என்றே தெரியவில்லை, அவ்வளவு வெளிச்சம். மறுநாள் குப்பைக் கார்த்திகை. எருக்குழியில் ஒரு அகல் வைக்காமல் அப்பா இருப்பாரா. விளக்கைக் கையில் எடுத்தால் செருப்பு போடமாட்டார், அது உனக்கே தெரியும். நான் சமையல்கட்டில் இருந்து, டார்ச் எடுத்துக்கிட்டுப் போங்க என்றேன், அவர் மேலே விளக்கைக் காட்டிச் சிரித்துக்கொண்டே போனார். எருக்குழி இருப்பது வெளிச்சத்தைத் தாண்டி, நிலாவும் இன்னும் கிளம்பவில்லை. அந்த வெளிச்சத்திலேயே நடந்துபோன கண்ணுக்கு அதற்கு அப்பால் மையிருட்டாகத்தான் இருக்கும், முன்னே நிலா இல்லாத நாளில்கூட எருக்குழி வரை கண்ணுக்குப் பழகிய இருட்டில் போய் வந்தவர் அவர். குனிந்து அகலை வைத்தார், ஒரு அடி நகர்ந்தார், சுருக்கென்றது என்றார். முள் என்று நினைத்தாராம். நான் ஓடிப்போனபோது அகல் நின்று எரிந்துகொண்டிருந்தது, அதன் வெளிச்சத்தில் அது தலையைத் தூக்கி நின்றதைப் பார்த்தேன். நம் வீட்டுச் சின்ன அகல் காட்டிக் கொடுத்தது, தமிழு, உன் பெரிய விளக்கு காட்டவில்லை. அப்புறம் அது சுவரோரச் செங்கல் குவியலுக்குள் போய்விட்டது.

அம்சம் சித்திதான் முதலில் ஓடி வந்தாள். அவள் வரவேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை, நம் மீது அவளுக்கு வருத்தம் இருந்தது. நம் மதிலை ஒட்டி அவள் குத்தகைக்கு எடுத்த வயலில் ஆயிரத்தொன்பது நெல் போட்டிருக்கிறாள், இரவு நீளுகிறபோதுதான் கதிர் தள்ளுகிற ரகம் அது. வயல் பூராவும் கதிர் வாங்கிவிட்டது, நம் விளக்கு விழுகிற பக்கம் மட்டும் புல் மாதிரி பச்சையாக நிற்கிறது. அதைச் சொல்லிக்கொண்டு ஒருநாள் வந்தாள், அப்பா சிரித்து அனுப்பிவிட்டார். அப்படிப்பட்டவள் அவரைத் தோளில் தாங்கி, எதிர்வீட்டு ஆட்டோவில் ஏற்றி, பதறாதீங்க அண்ணே, காலை ஆட்டாதீங்க என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். திருவாரூர் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் அப்பாவின் கண் இமை தானாகச் சரிய ஆரம்பித்தது. நான் கையால் தூக்கிப் பிடித்தேன், விட்டால் மறுபடி விழுந்தது. கமலா, நீ ரெண்டு ரெண்டா தெரியுறடி என்றார், நாக்குக் குழறியது. அங்கே டாக்டர் பெண், சின்ன வயசு, வெளியூர்ப் பிள்ளை போல, என்ன கடிச்சதும்மா என்று கேட்டாள். பூச்சி என்றேன். என்ன பூச்சி, பறக்கிறதா, ஊர்றதா என்றாள். எனக்கு வாய் வரவில்லை, தமிழு. கண்ணால் பார்த்திருக்கிறேன், பக்கத்தில் புருஷன் கண் சொருகிக் கிடக்கிறார், அந்த ஒரு வார்த்தை தொண்டையில் நின்றுகொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறது. அம்சம்தான் பின்னால் இருந்து நல்ல பாம்பும்மா, நல்ல பாம்பு என்று கத்தினாள். அப்புறம் அவர்கள் ஒரு நொடி நிற்கவில்லை, விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள், மூச்சுக்குக் குழாய் வைக்க வேண்டியிருக்குமோ என்று தயாராக நின்றார்கள், கடவுள் புண்ணியத்தில் அதற்கு வேலை வரவில்லை.

அந்த வராந்தாவில் நின்றுதான் உனக்குப் போன் செய்தேன். உன் குரலைக் கேட்டால் போதும் என்றிருந்தது. அப்பாவைப் பூச்சி கடிச்சிடுச்சுடா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம் என்றேன். நீ சிரித்தாய். மறுபடியும் கம்பளிப்பூச்சியா, இதுக்கு ஆஸ்பத்திரி வரைக்குமா, களிம்பு ஏதாவது தடவச் சொல்லும்மா, மீட்டிங்ல இருக்கேன் என்று வைத்துவிட்டாய். பூச்சி என்றதைப் பாம்பு என்று எடுத்துக்கொண்டதற்கு ஊரே சேர்ந்து உன்னைக் கேலி செய்தோம், அதனால் பாம்பைச் சொன்னபோது நீ பூச்சி என்று எடுத்துக்கொண்டாய். இதில் உன்மேல் தப்பில்லை என்று புத்திக்குத் தெரிகிறது, ஆனால் அந்தச் சிரிப்பு என் காதில் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன். அப்புறம் நீ மறக்காமல் அப்பாவுக்கு அரிப்பு போயிடுச்சா என்று கேட்டு மெசேஜ் போட்டாய். அரிப்பு போயிடுச்சுன்னு பதில் போடு என்று அப்பாவே என்னிடம் சொன்னார். தெரிஞ்சா அடிச்சுப் பிடிச்சு ஓடியாருவான், வேலையில என்ன சொல்லுவாங்களோ, சொல்லாத என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். அந்தச் சத்தியத்தை இப்போது உடைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று வீடியோவில் ஏன்பா இளைச்சிருக்கீங்க என்று கேட்டாயே, அப்போது அவர் இழுத்துப் போர்த்திக்கொண்டது குளிருக்கு இல்லை. இடது காலில் சுண்டுவிரல் பக்கம் தோல் கறுத்து உரிந்திருக்கிறது, தினம் கட்டு மாற்றுகிறார்கள். ஆறிவிடும் என்கிறார்கள், கொஞ்ச நாளைக்கு வயலுக்கு இறங்கக் கூடாது, அதுதான் அவருக்குப் பெரிய தண்டனை.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு நிம்மதி இல்லை. பாம்பு பிடிக்கிறவரை வரவழைத்துச் செங்கலையெல்லாம் புரட்டிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. நேற்றுக் காலை துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் முழுச் சட்டையாக உரித்துப் போட்டிருக்கிறது. நான் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மறுபடி ஏணி ஏறிச் சாக்குக் கட்ட எனக்குத் தைரியம் இல்லை, சாயங்காலம் ஆனால் என்னால் அதைத் தடுக்க முடியாது, டாண் என்று அந்த விளக்கு எரிகிறது, ஈசல் வருகிறது, தேரை வந்து உட்காருகிறது, நான் கதவைச் சாத்தி அடியில் கோணியைத் திணித்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பாம்பைப் பிடித்துக்கொண்டு போனாலும் இந்த விருந்து நடக்கிறவரை இன்னொன்று வரும். நீ இதைப் படித்ததும் என்ன செய்வாய் என்றும் எனக்குத் தெரியும், உடனே அன்பரசனைக் கூப்பிட்டு இன்னும் பெரிய விளக்கு, நாலு பக்கமும் விளக்கு, ஒரு புல் இல்லாமல் சிமெண்ட் என்பாய். பயந்தவன் அப்படித்தான் செய்வான். இதைச் சொல்லாமல் இருந்ததற்கு அப்பாவின் சத்தியம் பாதிக் காரணம், உன்னுடைய இந்தக் குணம் பாதிக் காரணம்.

நான் உன்னை இருட்டில் எங்களை விட்டுவிடச் சொல்லவில்லை. கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில் மஞ்சளாக ஒரு சின்ன பல்பு போதும், வெளிச்சம் வானத்துக்கும் அம்சம் வயலுக்கும் போகாமல் படியில் மட்டும் விழுகிற மாதிரி மேலே ஒரு தகரத் தொப்பி வைத்து, உள்ளே கதவு ஓரத்தில் ஒரு சுவிட்ச். கால் வைக்கும்போது போடுவோம், வந்ததும் அணைப்போம். அன்பரசன் வந்துதான் ஆக வேண்டுமென்றால் அந்த ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போகட்டும். பெரிய விளக்கோடு சேர்த்துப் பால்கனியில் மாட்டின, கலர் கலராக ஓடுகிற பட்டை விளக்கையும் கழற்றச் சொல், அதை யார் பார்க்கிறார்கள், கூகை வருகிற வழியை மறித்துக்கொண்டிருக்கிறது. கூகை திரும்பி வந்தால் எலி அடங்கும், தேரைகள் கலைந்து பழையபடி தொட்டிக்கும் வேலிக்கும் போகும், பாம்பும் தன் வழியைப் பார்த்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விடும். அதைக் கொல்ல வேண்டும் என்று எனக்கு இல்லை, கூப்பிட்டுச் சோறு போட்டுவிட்டு வந்ததற்கு அடிப்பது என்ன நியாயம். செங்கலையும் விறகையும் சுவரோரத்திலிருந்து அகற்ற நாளைக்கு ஆள் சொல்லியிருக்கிறேன். டார்ச் மறுபடி ஆணியிலிருந்து இறங்கிவிட்டது. சாமி கோபித்துக்கொண்டாலும் சரி, இனி அகல் வைக்கப் போனாலும் செருப்போடுதான் போக வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன், சரி என்று தலையாட்டியிருக்கிறார். முருங்கையில் கை வைக்கக் கூடாது. கம்பளிப்பூச்சி வந்தால் வரட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஜெயபாரதியிடம் பதமாகச் சொல், அந்தப் பெண் பயந்துவிடும். ஓடி வராதே, அப்பாவுக்கு உன்னைவிட இப்போது உறக்கம்தான் தேவை. லீவு விட்டதும் எல்லோருமாக வாருங்கள், அதற்குள் கொல்லை குட்டி கால் வைக்கிற இடமாக ஆகியிருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, உன் குரலே சரியில்லை. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு வாழ வேண்டும் என்று நம் மதுவனேஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். இன்னொன்று, இனிமேல் நான் பூச்சி என்றால் பூச்சிதான். மற்றதை எந்த நேரமானாலும் அதன் பேரைச் சொல்லியே சொல்வேன், அப்பா கண் சொருகிக் கிடந்த அந்த நிமிஷத்தோடு எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று.

இதைப் படித்ததும் போன் செய்யாதே, நீ அழுதால் நானும் அழுவேன், கட்டிலில் படுத்திருக்கிறவர் கண்டுபிடித்துவிடுவார். மெசேஜும் வேண்டாம். பொழுது சாய்கிற நேரத்துக்கு நான் செருப்பைப் போட்டுக்கொண்டு, கையில் டார்ச்சோடு, கதவைத் திறந்து வைத்து நிற்பேன். விளக்கு எரிந்தால் நீ இன்னும் படிக்கவில்லை என்று கதவைச் சாத்திக்கொள்வேன். இருட்டாகவே இருந்தால், என் பிள்ளை படித்துவிட்டான் என்று அப்பாவிடம் சொல்வேன்.

உன் பதிலுக்காகக் கொல்லையைப் பார்த்து நிற்கும்,
உன் அம்மா
வை. கமலாம்பாள்